எலைக்கொடி வழியா வா தம்பி

அன்றைக்கு வங்கியில் எதிர்வீட்டு மாமிக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான். அதனால் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடியும்.

மேனேஜர் இளைஞர், கோட்டைப்பட்டினத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கணினித் திரையையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்.

"அம்மா, பயப்படாதீங்க. நேத்து சாயங்காலம் ஒங்க கணக்கைப் பின்லாந்துலேர்ந்து யாரோ தொறக்கப் பார்த்திருக்காங்க. அதான் பூட்டி வச்சிருக்கோம்."

"யாரோ இல்ல தம்பி. நான்தான்."

"நீங்க பின்லாந்துல இருந்தீங்களா?"

"அசர் தொழுதுட்டுப் போனேன். மஃரிபுக்குள்ள வந்துட்டேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. கடைசியில், நடந்ததை எழுதிக் கொடுத்தால் பூட்டை எடுத்துவிடுவதாக அவர் சொன்னார். மாமி அங்கேயே உட்கார்ந்து எழுத்துக்கூட்டி எழுதினார். நான் பக்கத்திலிருந்து படித்தேன். 'நான் கோட்டைப்பட்டினத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. என் போன்தான் போய்விட்டு வந்தது. இனிமேல் போகும்போது சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறேன்.'

அந்தக் கடிதத்தை வங்கி என்ன செய்தது என்று தெரியாது. கணக்கு திறந்துவிட்டது.

மாமி எங்களுக்கு எதிர்வீடு. தெருவில் எல்லோருக்குமே அவர் மாமிதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்த நாட்டிலிருந்து யார் விசாரித்துக்கொண்டு வருவார்களோ, அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊரில் பாதி ஆண்கள் கடலில் இருப்பார்கள், மீதிப் பாதி சபரில். வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதைச் சபர் போவது என்போம். எங்கள் ஆட்கள் அதிகம் போகிற வளைகுடா நாட்டில் இணையம் வழியாகக் குரலும் படமுமாகப் பேச முடியாது. பொத்தானை அமுக்கினால், 'இந்தச் சேவை உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வரும். கடிதம் போலக் குரலைப் பதிந்து அனுப்பலாம். முகம் பார்க்க முடியாது. ஆனால் போனில் ஒரு செயலியைப் போட்டு, நாம் வேறொரு நாட்டில் இருப்பதாகப் போனை நம்பவைத்துவிட்டால் அந்தக் கதவு திறந்துகொள்ளும். அதற்கு விபிஎன் என்று பெயர். மாமி அதை 'வழி' என்றுதான் சொல்வார். இன்று திறந்திருக்கும் வழி நாளைக்கு அடைத்துக்கொள்ளும். எந்த நேரத்தில் எந்த நாட்டு வழி திறந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் மாமியின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. சம்பளமும் இல்லை.

மாமிக்கு ஆங்கிலம் படிக்க வராது. நாடுகளைக் கொடியை வைத்துத்தான் தெரியும். கனடா எலைக்கொடி. ஜப்பான் செவப்புப் பொட்டு. பின்லாந்து நீலக்கோடு. சுவிட்சர்லாந்தின் கொடியில் இருக்கும் கூட்டல் குறியைப் பார்த்து அதற்கு 'மருந்துக்கடை' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கையில் மீன் ஆணத்தை, அதாவது குழம்பை, கிளறிக்கொண்டே இன்னொரு கையால் போனை வாயருகே பிடித்து, கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சொல்வார்:

"இன்னிக்கு மருந்துக்கடப் பக்கம் போகாத, கூட்டமாக் கெடக்கு. பிறைக்கொடி நம்ம கொடியாச்சேன்னு அமுக்கிப் பார்த்தேன், அது இழுத்துக்கிட்டே நிக்கிது. எலைக்கொடி வழியா வா தம்பி. சல்லுனு வந்துரும்."

ஒரு வழியைத் தன் போனில் போட்டுச் சோதிக்காமல் யாருக்கும் சொல்ல மாட்டார். அதனால் அவர் போன் நாளைக்கு நாலு நாடு சுற்றியது. போகிற இடத்தையெல்லாம் அது உண்மையென்றே நம்பியது. பங்குனி வெயிலில் தெருநாய்கூட நிழல் தேடிப் படுத்திருக்கும் நேரத்தில், பனி அள்ளுகிற மண்வெட்டி வாங்கச் சொல்லி மாமிக்கு விளம்பரம் வரும். ஒருமுறை போனின் மொழியே ஏதோ ஐரோப்பிய மொழிக்கு மாறிவிட்டது. திரும்பத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன் என்று நான் கை நீட்டினேன். தர மறுத்துவிட்டார்.

"இருக்கட்டும். எழுத்த யாரு பார்க்குறா? எந்தப் பொத்தான் எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டுல உப்பு ஜாடி மேல உப்புன்னு எழுதியா இருக்கு?"

ஏழெட்டு மாதம் அந்த மொழியிலேயே வைத்திருந்தார்.

போன் நார்வேயில் இருந்த ஒரு மாலையில், அந்த ஊர் மீன்பிடிப் படகுகளின் காணொளி தானாக வந்து நின்றது. கடலுக்குப் போகாத நாள். விசைப்படகுக்காரர்கள் நாலைந்து பேர் மாமி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ஆள் உயர மீன்கள் வலையிலிருந்து கொட்டுவதைப் பார்த்த ஒருவர் பெருமூச்சு விட்டு, இதெல்லாம் எந்தக் கடலில் இருக்கிறது என்று கேட்டார். "இந்த மீனு ஒங்க பகுதியில கெடைக்காது" என்று மாமி, போனில் வரும் அறிவிப்பின் தோரணையிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் கரையில் வலையில் ஒன்றும் படாத நாளில் எல்லாம் அதுதான் பேச்சு.

அந்த வளைகுடா நாட்டில் இப்படி வழி போடுவது சட்டப்படி தப்பு, மாட்டினால் அபராதம், வேலையும் போகும் என்று ஒருநாள் மாமியை எச்சரித்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தப்புத்தான் தம்பி. பொண்டாட்டி புள்ள மூஞ்சியப் பார்க்குறது லேசுப்பட்ட தப்பா?"

மாமிக்கு இந்த வழியெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதை என் மனைவி நசீமாதான் எனக்குச் சொன்னாள். மாமியின் கணவர் அதே நாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் நோயில் படுத்தது மாமிக்குத் தெரியாது. நாள் தவறாமல் குரல் அனுப்புவார். "நல்லா இருக்கேன், சாப்ட்டேன், ஒடம்பப் பார்த்துக்க." அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு மலையாளி நர்ஸ்தான் மனது கேட்காமல் மாமிக்குச் செய்தி அனுப்பி, இந்தச் செயலியைப் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் தடவை முகம் தெரிந்தபோது மாமிக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு யாரோ என்று நினைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டாராம். பதினோரு நாள் முகம் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் கணவர் மௌத்தாகிவிட்டார்.

அதற்குப் பிறகு மாமி குரலை நம்புவதே இல்லை. "நல்லா இருக்கேன்னு தொண்ட சொல்லும். மூஞ்சியக் காட்டச் சொல்லு" என்பார்.

இப்போது மாமி மலேசியாவில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வாரம் என்னை அழைத்தார். அங்கே நம் ஊர்த் தொடர் ஒன்றைப் போட்டால் உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வருகிறதாம்.

"சீச்சீன்னு ஆயிப்போச்சு தம்பி. அப்பறம் இந்தியா வழியாப் போனேன். இத்தன வருசத்துல நம்ம கொடிய நான் அமுக்குனதே இப்பத்தான்."

சரி, என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மாமியைச் சொல்லி முடிக்க முடியாது.

நான் மூன்று தடவை சபர் போனவன். முதல் தடவை முதலாளி கடையை விற்றுவிட்டார். ஐந்தே மாதத்தில் திரும்பினேன். இரண்டாம் தடவை விசாக் குளறுபடி. இரண்டு மாதம். ஊருக்குள் எனக்கு 'ரிட்டன் டிக்கெட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை கிளம்பும்போது நசீமாவுக்கு இரண்டு மாதம், எங்களுக்கு முதல் பிள்ளை. இந்தத் தடவை இரண்டு வருடம் முடிக்காமல் வரமாட்டேன் என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனேன். மூன்று மாதத்தில் கம்பெனியை இழுத்து மூடி, எங்கள் எல்லோரையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

திருச்சியில் இறங்கி வெளியே வந்தேன். ஊருக்கு மூன்று மணி நேர வழிதான். புதுக்கோட்டை பஸ் நின்றது. அதன் படியில் ஒரு காலை வைத்தவன், எடுத்துவிட்டேன். கடைத்தெருவில் இறங்கியதும் யார் முதலில் அந்தப் பெயரைச் சொல்லுவார் என்பதுவரை எனக்குக் கண்ணில் தெரிந்தது. கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினேன். உக்கடத்தில் ஒரு பேக்கரியில் டீ மாஸ்டராகச் சேர்ந்தேன். நான் இன்னும் வெளிநாட்டில் இருப்பதாகவே வீட்டில் நினைத்திருந்தார்கள். போனிலும் அந்த நாட்டு எண்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முகம் காட்டினால்தான் ஆபத்து. அதுவரை எலைக்கொடி வழியாக நசீமாவோடு தினமும் முகம் பார்த்துப் பேசியவன், இப்போது எல்லா வழியையும் அடைத்துவிட்டார்கள் என்று குரல் அனுப்பினேன். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு வசதியாக வேறு யாருக்கும் ஒரு அரசாங்கம் செய்து கொடுத்திருக்காது.

ஆனால் மாமியை நான் கணக்கில் எடுக்கவில்லை. தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் வழி திறந்திருக்க, எனக்கு மட்டும் அடைத்திருக்கிறது என்பதை அவர் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டார். காலையில் கடையைத் திறந்து பாலை ஏற்றும்போதே மாமியின் குரல் வந்து விழும்.

"தம்பி, நீலக்கோட்டப் போட்டுப் பாரு."

"செவப்புப் பொட்டுக்குப் போ. அங்கிட்டு இப்பக் கூட்டமில்ல."

"போன அமத்திட்டு, யாசீன் ஓதிட்டு, திரும்பப் போடு."

ஒரு கையில் டீ ஆற்றிக்கொண்டே, "போட்டுட்டேன் மாமி, வரமாட்டேங்குது" என்று பதில் அனுப்புவேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கக்கூடாது என்பதற்காக மாவு மூட்டை அடுக்கிய அறைக்குள் போய் நின்று பேசுவேன். இரண்டரை மாதம் இப்படி ஓடியது. நசீமாவுக்கு எட்டாவது மாதம் பிறந்தது. அவள் அனுப்பும் குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் ஒன்றே ஒன்று வந்தது. "பெத்துப் பொழைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒங்க மூஞ்சியப் பார்த்துடணும் மச்சான். வேற ஒண்ணும் வேணாம்." மாவு அறையில் வெகுநேரம் நின்றேன். கடையில் யாரோ மூன்று டீ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மாமியிடமிருந்தும் உத்தரவு வந்தது. "என்ன பூட்டுன்னு நான் பார்க்கணும். திரையப் படம் எடுத்து அனுப்பு."

இதற்குத்தான் நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தேன். செயலியைத் திறந்து, அது இணையப் போகிற நேரத்தில் போனின் இணையத்தை அணைத்தேன். 'இணைக்க முடியவில்லை' என்று சிவப்பில் வந்தது. படம் எடுத்தேன். மேலே கடிகாரமும் சிம் பெயரும் தெரிகிற பகுதியைக் கவனமாக வெட்டி எறிந்துவிட்டு அனுப்பினேன். மேல்பக்கத்தை மட்டும்தான் வெட்டினேன்.

கால்மணி நேரத்தில் மாமியின் குரல் வந்தது. அவ்வளவு இனிமையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"தம்பி, எலைக்கொடியும் வேணாம், பொட்டும் வேணாம். எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். அங்கிட்டு மெத்த வாங்குனா தலகாணி எத்தன தாராங்க?"

ஒன்றும் புரியாமல் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஓசியில் கிடைக்கிற செயலி, அடியில் விளம்பரம் போடும். இணையத்தை நான் அணைப்பதற்கு முன்பே அது வந்து உட்கார்ந்திருக்கிறது. 'உங்கள் அருகிலேயே! உக்கடம் கிளை திறப்பு விழா! மெத்தை வாங்கினால் தலையணை இலவசம்!' அழகான தமிழில்.

மாவு அறைக்குள் போய் மாமியை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கடை, எத்தனை நாளாக, ஏன் ஊருக்கு வரவில்லை, எல்லாம். அவர் குறுக்கே பேசவே இல்லை.

"நசீமாகிட்டச் சொல்லிடாதீங்க மாமி."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? போன வையி, டீ ஆறிப்போகும்."

இரண்டு நாள் மாமியிடமிருந்து சத்தமே இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். மூன்றாம் நாள் காலை எட்டரை மணி இருக்கும், கடையில் நல்ல கூட்டம்.

"ஒரு டீ தம்பி. சக்கர கம்மியா."

ஆற்றிக்கொண்டிருந்த டீ என் கையில் கொட்டியது. கண்ணாடி அலமாரிக்கு அந்தப்பக்கம், தோளில் ஒரு துணிப்பையோடு மாமி நின்றார். முக்காடு கலைந்து, கண் சிவந்து, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த களைப்பு. ஆனால் முகத்தில் பரம திருப்தி.

ஓரத்து மேசையில் உட்காரவைத்தேன். அவர்தான் பேசினார்.

"ஒலகம் பூரா சுத்துனவளுக்குத் திருச்சியில பஸ் மாறத் தெரியல பாரு. கரூர் பஸ்ஸுல ஏறி ஒக்காந்துட்டேன். கண்டக்டர் எறக்கிவிட்டு, எந்தக் கிராமத்துலேர்ந்து வாரீங்கங்குறான். பின்லாந்துன்னு சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

"மாமி, நசீமாவுக்கு..."

"நான் சொல்லல. கண்ணு காட்டத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." பையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து என் முன்னால் தள்ளினார். "வழியில சாப்பிடுங்கன்னு ரொட்டியும் கறியும் கட்டிக் குடுத்தா. பாதிதான் சாப்ட்டேன். மீதி ஒனக்கு. வயித்தத் தள்ளிக்கிட்டு அடுப்படியில நின்னு செஞ்சது."

ரொட்டியைப் பிட்டேன். மாமி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

"ஒனக்கு ரிட்டன் டிக்கெட்டுன்னு பேரு வச்சது யாருன்னு தெரியுமா?"

"கடைத்தெருவுல எவனோ."

"நான்தான். ஒரு நாளு சும்மா சிரிப்புக்குச் சொன்னேன். அது இப்படி ஒருத்தன ஊருக்குள்ள வரவிடாமப் பூட்டு போடும்னு நெனைக்கல." கோப்பையை ஒருமுறை சுற்றி வைத்தார். "எவனெவனோ போட்ட பூட்டையெல்லாம் தொறந்துக்கிட்டுத் திரிஞ்சேன். இது நான் போட்ட பூட்டு. இத எந்தக் கொடிய வச்சுத் தொறக்குறது? அதான் பஸ்ஸேறி வந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனுசி என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் நிலைமைக்கு ஒரு பொய்யை வளர்த்திருக்கிறேனே என்றுதான் இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வேறொரு பையன் ஓடிப் போய் அணைத்தான்.

மாமி தன் போனை எடுத்து நசீமாவின் பெயருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முடிவு ஒன்னோடது. வேணாம்னா டீயக் குடிச்சிட்டு, கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு ஊருக்குப் போறேன். அமுக்கவா?"

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியாது. டீயில் ஆடை படிந்துவிட்டது. தலையாட்டினேன்.

நசீமா எடுத்தாள். மாமி முதலில் தன் முகத்தைத்தான் காட்டினார்.

"கண்ணு காட்டியாச்சா மாமி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லாம் நல்லாத் தெரியுதாம். நீ இங்க ஒண்ணு பாரு. இந்த டீயக் குடிச்சேன், நம்ம ஊரு டீ மாதிரியே இருக்கு. போட்டவரக் காட்டவா?"

போனைத் திருப்பினார்.

நசீமா சமையலறையில் நின்றிருந்தாள். கை ஈரமாக இருந்தது. முகம் உப்பியிருந்தது, மூக்குக்கூட மாறியிருந்தது. எட்டு மாத வயிறு போனுக்குள் பாதிதான் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் சட்டையை, இடுப்பில் கட்டியிருந்த துண்டை, பின்னால் அடுக்கியிருந்த பன் தட்டுகளைப் பார்த்தாள். ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடை வாசலைக் கடந்துபோனது. அதையும் பார்த்தாள்.

சொல்வதற்கு நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். "நசீமா" என்பதற்கு மேல் வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், வைத்துவிடுவாள் என்றும் நினைத்தேன். புறங்கையால் கண்ணை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அது எந்த ஊரு?"

"கோயம்புத்தூரு."

"எத்தன நாளா?"

"ரெண்டர மாசம்."

பிறகு தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அங்கேர்ந்து நம்ம வீட்டுக்கு எத்தன மணி நேரம் மச்சான்?"

"பத்து... பதினொண்ணு ஆகும்."

"அப்ப ராத்திரி சோத்துக்கு வந்துரலாம்."

நான் இடுப்புத் துண்டை அவிழ்த்தேன். முடிச்சு வரவில்லை. மாமி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"வாயத் தொறந்து என்ன ஆணம் காச்சப்போறான்னு அவகிட்டக் கேளு தம்பி. அதுக்குத் தக்கன பஸ்ஸப் பார்ப்போம்."